போதிகை வைத்து ஒரு பெஞ்ச்

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கமெல்லாம் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவுக்கே ஏற்காடு ரோட்டில் நுழைவாயில் வளைவுதான் மிச்சம் என்றால், ஓட்டு வீட்டை யார் காப்பாற்றப் போகிறார்கள்? ஆசைப்படுகிற சிலரும் பழைய மரக்கடையில் ஒரு தூணை வாங்கி, நறுக்கி, மேலே கண்ணாடி போட்டு டீபாய் ஆக்கிவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். தூணை முழுசாக விட்டுவிட்டு, அது பாரம் தாங்குகிற விதத்தை மட்டும் எடுத்து ஒரு பெஞ்ச் செய்துகொள்ளுங்கள்.

அந்த விதம் போதிகையில் இருக்கிறது. தூண் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் நீண்டு, முனையில் கவிழ்ந்த வாழைப்பூ செதுக்கிய கட்டை. உத்திரத்தைத் தூணுக்கு அப்பாலும் போய்த் தாங்குவதால் நடுவில் பிடிப்பில்லாத நீளம் குறைகிறது, உத்திரம் தொய்யாது.

திண்ணை வீடு ஒன்றில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு முதலில் போதிகையை அளவெடுங்கள். கீழிருந்து அண்ணாந்து போட்டோ எடுத்தால் வளைவு கோணிப்போகும், அதனால் ஏணி போட்டு ஏறி, போதிகைக்கு நேரே கேமராவை வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலும் தெரிகிற மாதிரி எடுங்கள். அப்புறம் ஒரு அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வளைவில் இடைவெளி இல்லாமல் உட்காரும் வரை பொருத்திப் பாருங்கள். அதைத் தேவையான அளவுக்குச் சுருக்கி பிளைவுட்டில் வெட்டிக்கொண்டால் ஆசாரிக்கு வாயால் விளக்க வேண்டிய வேலையே இல்லை.

பெஞ்ச் 4 அடி நீளம், 16 அங்குல அகலம். 3 அங்குலச் சதுரத்தில் நாலு கால், ஒவ்வொன்றின் மையமும் பலகை முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே. ஒவ்வொரு கால் தலையிலும் 14 அங்குல நீளத்தில் ஒரு போதிகை. நீளவாக்கில் கால்களின் மையத்துக்கு மையம் 30 அங்குலம் இருந்தாலும் பலகை அந்தரத்தில் நிற்பது 16 அங்குலம்தான், அதனால் ஒன்றரை அங்குலப் பலகையே தாராளம். காலின் தலையில் கழுந்து, அதாவது துளைக்குள் நுழைகிற மெலிந்த முனை, எடுத்து போதிகைத் துளையில் இறக்குங்கள், அகலவாக்கில் ஒரு குறுக்குச் சட்டம் போடுங்கள், இல்லாவிட்டால் ஆடும். போதிகையில் மர ரேகை நீளவாக்கில்தான் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் செதுக்கும்போதே பூ முனை உடைந்து கையோடு வந்துவிடும்.

மரம் இடித்த வீட்டுத் தேக்கு உத்திரமாகக் கிடைத்தால் நல்லது. இழைக்கும் முன் காந்தத்தை ஓட்டி ஆணி தேடுங்கள், தட்டிப் பார்த்துப் பொக்கென்று சத்தம் வருகிற பகுதியை ஒதுக்குங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், நனைத்துச் சுரண்டுங்கள், மாஸ்க் கட்டாயம்.

அந்த வீடுகளில் மரத்தூண் நேராகத் தரையில் நிற்காது, ஈரம் ஏறாமல் அடியில் ஒரு கல் இருக்கும். இங்கேயும் 2 அங்குலக் கருங்கல் துண்டில் துளை போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முளையில் காலை நிறுத்துங்கள். தினமும் மாப் போட்டாலும் மரம் நனையாது, எனக்கு இந்தப் பெஞ்சில் ரொம்பப் பிடித்த இடமே அதுதான்.

ஏற்காட்டு மழைக்காலத்தில் செய்து சேலத்து வெயிலுக்கு இறக்கினால் பலகை சுருங்கும். அதனால் பலகையைப் பசை போட்டு இறுக்காமல், குறுக்குவாக்கில் நீட்டமான துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். பாலிஷுக்கு ஆளிவிதை எண்ணெய் மெலிசாக இரண்டு மூன்று கை போதும், வார்னிஷ் பளபளப்பு இதற்குப் பொருந்தாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.