100 ஜிபி கேட்டால் 97.6 ஏன் வருகிறது? டிஸ்க், எம்பி, ஜிபி எழுத்துக் குழப்பம் தீர ஒரு செய்முறை

அக்காவின் லேப்டாப்பில் சி டிரைவிலிருந்து 100 ஜிபியைப் பிரித்து, பிள்ளைகளின் போட்டோவுக்கென்று தனி டிரைவ் போட்டுக் கொடுக்க உட்கார்ந்தேன். அளவு கேட்ட கட்டத்தில் 100000 என்று அடித்தேன். வந்த டிரைவ் 97.6 ஜிபி. அழித்துவிட்டு மறுபடி செய்தேன், மறுபடியும் 97.6. "என்னடா, டிஸ்க் போயிடுச்சா?" என்று அக்கா கேட்க, எனக்கும் பயம் வந்துவிட்டது. டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளையை ஓடவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு பொருளில் படித்த எழுத்துகளை விண்டோஸ் வேறு பொருளில் எழுதியிருந்தது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இவை ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறுகிற ஆங்கிலச் சொற்கள். தமிழில் எழுதும்போது அந்த ஓர் எழுத்து மறைந்துபோகிறது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. ககரத்துக்கு ஒலி இரண்டு, எழுத்து ஒன்று, பகரமும் அப்படியே. அதனால் இந்தச் சொற்களைக் காதால் கேட்டு முடிவு செய்யாதீர்கள். திரையிலோ பெட்டியிலோ அச்சாகியிருக்கும் எழுத்தைக் கண்ணால் பாருங்கள்.

படி 1: டிஸ்க் முடிவது கே-யிலா, சி-யிலா?

ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். கணினி உலகில் வழக்கம் இப்படி நின்றுவிட்டது: ஹார்ட் டிஸ்க், பிளாப்பி இவற்றுக்குக் கடைசி எழுத்து கே. சிடி, டிவிடி, புளூ-ரே போன்று ஒளியால் படிக்கப்படும் பளபளப்பான தகடுகளுக்கு சி. ஐபிஎம் 1956-இல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தபோதே கே-யில்தான் எழுதியது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய சிடி 1982-இல் கடைக்கு வந்தபோது பெயரிலேயே சி இருந்தது. பின்னால் வந்த தகடுகளும் அதையே பிடித்துக்கொண்டன.

பேச்சில் இதனால் நஷ்டமில்லை. கட்டளை அடிக்கும்போதும் தேடும்போதும்தான் உதைக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் கட்டளைகளில் டிஸ்க் என்று வந்தால் அந்தச் சொல் கே-யில்தான் முடிகிறது. சி போட்டால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். சில்லுகளில் சேமிக்கும் டிரைவான எஸ்எஸ்டிக்குள் சுழலும் தட்டு எதுவும் இல்லை, ஆனால் அதற்கும் இதே கட்டளைகள்தான். விண்டோஸின் செக் டிஸ்க் கட்டளையில் உயிரெழுத்தே கிடையாது: சி, ஹெச், கே, டி, எஸ், கே. லினக்ஸில் பென்டிரைவைக் கழற்றும் அன்மவுன்ட் கட்டளையில் முதலில் வரவேண்டிய 'என்' இருக்காது. யு-வுக்கு அடுத்து நேராக எம். இந்த இரண்டையும் தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புப் பெயர்களிலும் ஒரே எழுத்துமுறையைப் பிடித்துக்கொள்வது நல்லது. நான் ஒரு பேக்கப் ஃபோல்டருக்கு சி போட்டுப் பெயர் வைத்திருந்தேன். ஒரு வருடம் கழித்து கே போட்டுத் தேடியபோது அது வரவே இல்லை. இப்போது 'பேக்கப்' என்ற சொல்லையும் தேதியையும் மட்டுமே பெயரில் வைக்கிறேன்.

படி 2: பி பெரியதா, சின்னதா?

பெரிய பி என்றால் பைட். சின்ன பி என்றால் பிட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். கோப்பின் அளவையும் டிரைவின் அளவையும் பைட்டில் சொல்வார்கள். இன்டர்நெட் வேகத்தை பிட்டில் சொல்வார்கள். தமிழில் இரண்டையும் 'எம்பி' என்றே சொல்லிவிடுகிறோம்.

"100 எம்பி பிளான் போட்டேன், டவுன்லோடு 12-க்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று பக்கத்து வீட்டு அண்ணன் என்னிடம் வருத்தப்பட்டார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. பிளானில் இருப்பது சின்ன பி, டவுன்லோடு சாளரத்தில் இருப்பது பெரிய பி. 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. அவருக்கு வரவேண்டியது முழுதாக வந்துகொண்டிருந்தது.

கேமராவின் மெகாபிக்சலையும் எம்பி என்றுதானே சொல்கிறோம்? அங்கே இருப்பது வேறொரு பகரம். 50 எம்பி கேமராவில் எடுத்த படம் 50 எம்பி இடத்தை அடைக்கும் என்று நினைத்து மெமரி கார்டு வாங்க வேண்டாம்.

படி 3: ஆயிரமா, 1024-ஆ?

இந்தப் பதிவையே எழுதவைத்தது இந்தப் படிதான். நிதானமாகப் படியுங்கள்.

டிரைவ் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். அவர்களுக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட், 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024, 1024-ஆகப் பெருக்குகிறது. அதற்கு 1 ஜிபி என்றால் 1,07,37,41,824 பைட். இரண்டு கணக்கையும் ஒரே இரண்டு எழுத்தில், ஜிபி என்று எழுதுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். 1 டிபி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் திறங்கள். கெப்பாசிட்டி என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலில் இருப்பது பைட் கணக்கு. 1-இல் தொடங்கும் பதின்மூன்று இலக்க எண். அதன் பக்கத்திலேயே 931 ஜிபி. ஒரே இடத்தைத்தான் இரண்டும் சொல்கின்றன. கால்குலேட்டரை எடுத்து முதல் எண்ணை 1024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வந்து நிற்கும். இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவர்கள் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடமாட்டார்கள்.

அளவு கூடக்கூட வித்தியாசமும் கூடும். 512 ஜிபி எஸ்எஸ்டி 476 என்று தெரியும். 4 டிபி டிரைவ் 3.63 டிபி என்று தெரியும். ஆனால் ரேமில் இந்தக் குறைவு இல்லை. 8 ஜிபி ரேம் என்றால் அது 1024 கணக்கில் முழு 8. லேப்டாப்பின் ஒரே ஸ்டிக்கரில் ரேமுக்கு ஒரு ஜிபி, எஸ்எஸ்டிக்கு வேறொரு ஜிபி. பழைய பிளாப்பியின் 1.44 எம்பி இன்னும் விசித்திரம்: அதில் இருந்தது 14,74,560 பைட், அதாவது 1.44-ஐ ஒருமுறை ஆயிரத்தாலும் ஒருமுறை 1024-ஆலும் பெருக்கிய தொகை.

இதைத் தீர்க்கத்தான் ஐஇசி என்ற பன்னாட்டு அமைப்பு 1998-இல் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்கள் கொடுத்தது. அவற்றை எழுதும்போது இரண்டு எழுத்துக்கும் நடுவில் ஒரு சின்ன 'ஐ' வரும். அந்த 'ஐ' இருந்தால் சந்தேகமே வேண்டாம், 1024 கணக்குதான். இல்லாவிட்டால் எந்தக் கணக்கு என்று விசாரித்துத்தான் ஆகவேண்டும்.

அந்தப் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதாதீர்கள் என்பது என் கறாரான கருத்து. கிலோவுக்கு இணையான 1024 பெயரும் 'கிபி' என்றே வரும், கிகாவுக்கு (ஜிபியில் வரும் ஜி) இணையானதும் 'கிபி' என்றே வரும். இரண்டுக்கும் இடையே பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். போதாக்குறைக்கு நமக்குக் கி.பி. என்றால் ஆண்டுக் கணக்கு. நான் '1024 ஜிபி கணக்கு', '1000 ஜிபி கணக்கு' என்று நீட்டியே எழுதுகிறேன்.

படி 4: டிரைவைப் பிரிப்பது

பேக்கப் எடுத்துவிட்டீர்கள் என்று நம்பித் தொடர்கிறேன். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். எழுத்துப்பிழைக்கே இடமில்லாத வழி இது. சி டிரைவில் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். இப்போது வரும் கட்டம் அளவை எம்பியில் கேட்கும். இது 1024 கணக்கு எம்பி. 100 ஜிபி வேண்டுமென்றால் 100-ஐ 1024-ஆல் பெருக்கி 102400 என்று அடியுங்கள். 50 வேண்டுமென்றால் 51200. நான் 100000 அடித்ததால்தான் அன்றைக்கு 97.6 வந்தது.

லினக்ஸில் செய்பவர்களுக்கு, டிரைவைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருள்தான் என் தேர்வு. அழகுக்காகச் சொல்லவில்லை, அது அளவு கேட்கும் கட்டத்திலேயே நடுவில் 'ஐ' போட்டு எழுதியிருக்கும், ஊகிக்க வேண்டியதில்லை. கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் இடம் பார்க்கும் டிஎஃப் கட்டளையோடு சின்ன ஹெச் போட்டால் 1024 கணக்கு, பெரிய ஹெச் போட்டால் 1000 கணக்கு. டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் அளவுக்குப் பின் வெறும் எம் போட்டால் 1024 கணக்கு. எம்-ஓடு பெரிய பி-யும் சேர்த்தால் 1000 கணக்கு. கூடுதலாக ஓர் எழுத்து எழுதினால் அளவு குறைகிறது, கவனம்.

சேர்க்கை 1: 4.5 ஜிபி ஃபோல்டர் 4.7 ஜிபி டிவிடியில் ஏறவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். டிவிடியின் 4.7 என்பது 1000 கணக்கு. விண்டோஸ் பார்வையில் அது 4.38 மட்டுமே. ஃபோல்டரின் 4.5-ஓ விண்டோஸ் சொன்னது. இதில் சிடி மட்டும் விதிவிலக்கு, அதன் 700 எம்பி 1024 கணக்குதான்.

சேர்க்கை 2: இன்னொருவர் கேட்டது முக்கியமானது. போனில் 31 ஜிபி காட்டிய குடும்ப போட்டோக்கள் லேப்டாப்புக்கு வந்ததும் 28.8 ஜிபி ஆகிவிட்டன, இரண்டு ஜிபி படங்கள் தொலைந்துவிட்டனவா என்று பதறியிருந்தார். ஆண்ட்ராய்டு 8 முதல் போனின் செட்டிங்ஸ் 1000 கணக்கில் காட்டுகிறது. ஆப்பிளின் மேக் 2009 முதலே அப்படித்தான். விண்டோஸ் 1024 கணக்கில் காட்டுகிறது. 31-ஐ 1.074-ஆல் வகுங்கள், அந்த 28.8 வந்துவிடும். இருந்தாலும் கணக்கை மட்டும் நம்பிப் போனில் உள்ளதை அழித்துவிடாதீர்கள். லேப்டாப்பில் ஃபோல்டரின் பிராபர்ட்டீஸில் எத்தனை ஃபைல் என்ற எண் இருக்கும். போனின் ஃபைல் மேனேஜரிலும் அதே ஃபோல்டரின் எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போய், கடைசியாக எடுத்த நாலைந்து படங்கள் லேப்டாப்பில் திறக்கவும் திறந்தால், அப்புறம் அழிக்கலாம்.