லேம் கவிழ்ந்தால் ரேமைப் பாருங்கள்

வேவ் ஒலிக் கோப்புகளை எம்பி3 ஆக்கும்போது, அந்த வேலையைச் செய்யும் லேம் மென்பொருள் ஒருநாள் மூன்றாவது பாட்டில் கவிழும், மறுநாள் ஏழாவதில். எப்போதும் ஒரே கோப்பில் நின்றால் கோப்பையோ மென்பொருளையோ சந்தேகப்படலாம்; இடம் மாறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வன்பொருள்தான். அதனால் ஒரே வேவை, ஒரே அமைப்பில் ஐந்து முறை மாற்றி எம்டி5 எண்களை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்; உள்ளடக்கம் ஒன்றானால் எண்ணும் ஒன்றே) ஒப்பிட்டேன். நான்கு ஒத்துப்போயின, ஒன்று வேறு!

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டதில் இரண்டாம் சுற்றிலேயே பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டும் அமைப்பு) அணைத்து, டிடிஆர்4 ரேமின் வேகத்தை 3200-இலிருந்து 2666-க்கு இறக்கியதும் நான்கு சுற்றும் சுத்தம். (ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பதெல்லாம் இதற்கப்புறம்தான்.)

கவிழாமல் முடிந்த பழைய கோப்புகளையும் நம்பக் கூடாது. இதே கணினியில் ஃபிளாக்காகவும் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்) மாற்றி வைத்திருந்தேன்; ஃபிளாக்கின் சோதனைக் கட்டளையில் அவற்றில் இரண்டு பிழை காட்டின. அவற்றைச் சிடியிலிருந்து மறுபடி எடுத்தேன்.