ஊருக்கு வரும்போது ஒரு ராக்கெட் ஏவுதலையும் பார்த்துவிட்டுப் போங்கள்

விடுமுறைக்குத் தாயகம் வரும் நம்மவர்கள் கோயில், கல்யாணம், துணிக்கடை என்று நாட்களைப் பங்கிடும்போது, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் ஏவும் தேதியை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள். 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடங்களே இருந்தபோது கவுன்ட்டவுன் நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதிதான் அது ஏவப்பட்டது. ஆகவே அறிவிக்கப்பட்ட நாளையொட்டிச் சென்னையில் இரண்டு மூன்று நாட்களை வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மறைத்துவிடக்கூடும் என்பதற்கும் மனத்தளவில் தயாராக இருங்கள்.

பொதுமக்களுக்காக 2019இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மாடத்துக்கு இஸ்ரோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், எந்த அடையாள ஆவணம் ஏற்கப்படும் என்ற நிபந்தனையைப் படித்த பிறகே பயணத்தை முடிவு செய்வது நல்லது.

மாடத்தில் இடம் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு இருக்கிறது. குடிநீர், தொப்பி, குழந்தைகளுக்குச் சிற்றுண்டி ஆகியவற்றோடு நேரத்துடன் போய், வடக்கே பார்வை மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஏவும் நாளில் அந்தக் கடற்பகுதிக்கு மீனவர்களே செல்லக் கூடாது என்பதால், படகில் அருகே அழைத்துப் போவதாக யார் சொன்னாலும் ஏறாதீர்கள். காத்திருக்கும் வேளையில், சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும், நிலவின் மண்ணை ஒத்த மண் நாமக்கல் மாவட்டத்தில் கிடைத்து சோதனைகளுக்குப் பயன்பட்டதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அயல்நாட்டில் வளரும் பிள்ளைக்கு, தாத்தா பாட்டியின் ஊர்ப்பக்கத்து மண்ணுக்கும் நிலவுக்கும் உள்ள இந்த உறவு எளிதில் மறக்காது.

முதலில் தெரிவது வெளிச்சந்தான். பழவேற்காட்டிலிருந்து ஏவுதளம் 30 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதாலும், ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 3 விநாடி தேவைப்படுவதாலும், அந்த முழக்கம் ஒன்றரை நிமிடம் கழித்தே வந்து சேரும். படம் எடுத்தாயிற்று என்று உடனே திரும்பிவிடாமல், கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, அந்த ஒலிக்காக நில்லுங்கள்.

தென்மாவட்டத்தாருக்கு இன்னொரு செய்தி: தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியின் இரு துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்கு, செல்லும் ராக்கெட்டுகள் இலங்கைக்கு மேல் பறக்காமல் வளைந்து போவதால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்தோ நேராகத் தெற்கே செல்லலாம். அங்கே ஏவுதல்கள் தொடங்கிய பின், திருச்செந்தூர் தரிசனத்தோடு இதையும் ஒரே பயணத்தில் வைத்துக்கொள்ளலாம்.