ஸ்டார் வார்ஸ் நாவல்கள்: ரசிக்கவிடாமல் செய்யும் தவறுகள்

'அப்புறம் நாயகன் லூக் என்ன ஆனான்?' என்ற ஏக்கத்தோடுதான் பலரும் ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களிலிருந்து, அதே கதையுலகில் எழுதப்பட்ட நாவல்களுக்கு வருகிறார்கள். வந்த வேகத்திலேயே திரும்பியும் போய்விடுகிறார்கள். 'இந்தக் கதை படங்களின் அதிகாரப்பூர்வக் கதையில் சேருமா, சேராதா?' என்று கேட்டுக்கொண்டே படிப்பதுதான் அதற்கு முதல் காரணம்.

2014 ஏப்ரலில், படங்களை எடுக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் பழைய நாவல்களை 'லெஜண்ட்ஸ்' என்று தனியாகப் பிரித்தது. புதிய படங்கள் அவற்றைப் பின்பற்றாது என்றும் சொல்லிவிட்டது. அதனால் 'அதெல்லாம் செல்லாது' என்று பழைய நாவல்களை ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான். திமதி ஸான் 1991-இல் எழுதிய 'ஏர் டு தி எம்பயர்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வில்லனாக வரும் தளபதி த்ரானிடம் ஒளிவாளும் இல்லை, மாய சக்தியும் இல்லை. எதிரி இனத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் மணிக்கணக்கில் பார்த்து, போரில் அவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்று கணிக்கிறான். இப்படியொரு எதிரியைப் படங்களில் நான் பார்த்ததில்லை. கோரஸ்காண்ட் என்ற தலைநகரின் பெயரும் முதலில் இந்த நாவலில் வந்ததுதான். பிறகு படங்கள் அதை எடுத்துக்கொண்டன. த்ரானும் 2016-இல் 'ரெபல்ஸ்' அனிமேஷன் தொடருக்குள் வந்துவிட்டான்.

எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கோக்கவும் முயலாதீர்கள். 1999-இல் வந்த 'வெக்டர் பிரைம்' நாவலில், படங்களில் உடல் முழுக்க ரோமத்தோடு வரும் சூபாக்கா இறந்துபோகிறான். 2015 படத்தில் உயிரோடு இருக்கிறான். இரண்டும் வேறு வேறு பாதைகள், அவ்வளவுதான். ஆனால் அந்த மரணத்தைப் படிக்கும்போது மனசு நிஜமாகவே கனத்துப்போகும்.

புத்தகம் வெளியான ஆண்டைப் பார்க்காமல் படிப்பது இன்னொரு தவறு. ஆலன் டீன் ஃபாஸ்டரின் 'ஸ்ப்ளிண்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ' 1978-இல் வந்தது. அப்போது இரண்டாவது படமே வரவில்லை. லூக்கும் இளவரசி லேயாவும் உடன்பிறந்தவர்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியாத காலம் அது. அந்த நினைப்பு இல்லாமல் படித்தால் அவர்களிடையே உள்ள ஈர்ப்பு நெருடும். நினைவில் வைத்துப் படித்தால், கதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கலாம் என்ற பரவசம் கிடைக்கும்.

கதைக்குள் உள்ள கால வரிசைப்படி, பல்லாயிரம் ஆண்டுகள் பின்னால் போய்த் தொடங்குவதும் வேண்டாம். தெரிந்த முகங்கள் வருவதற்குள் களைத்துப்போவீர்கள்.

அதற்காக, லூக் இல்லாத புத்தகத்தை மூடிவைத்துவிடவும் கூடாது. 1996-இல் தொடங்கிய 'எக்ஸ்-விங்' வரிசையில் நாயகர்கள் போர் விண்கலம் ஓட்டும் சாதாரண விமானிகள்தான். படங்களில் சில நிமிடங்களே தலைகாட்டும் வெட்ஜ் ஆன்டிலீஸ், அங்கே புது ஆட்களைத் தேடிப்பிடித்து, திட்டி, பயிற்சி கொடுத்துப் படையைத் திரட்டுகிறான்.