செத்த செல்லும் ஊதா காட்டும்

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பை இலை, செல் வளர்க்கும் ஒரு 96 குழி ப்ளேட், மூன்று மாத ப்ராஜெக்ட். மூலிகைச் சாற்றின் புற்றுநோய் எதிர்ப்பைச் சோதிக்க வேலூர் பக்கத்து மாணவர்கள் இப்படித்தான் இறங்குகிறார்கள். கையுறை, லேபிள் விஷயமெல்லாம் லேபில் யாராவது சொல்லிவிடுவார்கள். அடிக்கடி நடக்கும் மற்ற தவறுகள் இங்கே.

கடையில் கட்டாக விற்பதை நம்புவது

கீழாநெல்லி என்று வாங்கிய கட்டில் மேலாநெல்லி கலந்திருக்கலாம். பூவும் காயும் உள்ள கிளையைத் தாவரவியலாளரிடம் காட்டிவிட்டு அரையுங்கள். பொடியான பிறகு கண்ணால் பிரித்தறிய முடியாது.

சித்திரை வெயிலில் மாடியில் உலர்த்துவது

வேண்டாம். நிழல் போதும்.

எம்.டி.டி.யை அப்படியே நம்புவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். எம்.டி.டி. என்பது செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க உதவும் மஞ்சள் உப்பு. உயிருள்ள செல்லின் நொதிகள் அதை ஊதா ஃபார்மசானாக மாற்றும்; அதை 570 நானோமீட்டரில் அளக்கிறோம். சாற்றிலுள்ள பாலிஃபீனாலும் வைட்டமின் சி-யும் செல்லே இல்லாமல் அதே வேலையைச் செய்யும். செல்கள் செத்துக் கிடக்க, நிறத்தை அளக்கும் ரீடர் கருவி 130 சதவீதம் உயிர் என்று சொல்லும். வரைபடத்தில் இறங்கிவந்த கோடு, சாற்றின் அளவு கூடும்போது திடீரென ஏறும். 'செல் வளர்ச்சியைத் தூண்டுகிறது' என்று ஒரு பத்தி விளக்கமும் எழுதிவிடுவார்கள்! மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை குனிந்திருந்தால் செல்கள் உருண்டு மிதப்பது தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு அளவுக்கும் செல் இல்லாத மூன்று குழிகளில் மீடியம் (செல் வளரும் திரவம்), சாறு, எம்.டி.டி. மட்டும் விடுங்கள். அவை ஊதாவானால் குற்றவாளி சாறுதான். எம்.டி.டி. சேர்க்கும் முன் சாற்றை உறிஞ்சி எடுத்து, 37 டிகிரிக்குச் சூடான பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசல் கொண்டு மெதுவாகக் கழுவுங்கள். வேகமாக ஊற்றினால் ஒட்டியிருக்கும் செல்லும் போய்விடும். பிறகு மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எம்.டி.டி., 3 முதல் 4 மணி நேரம். கழுவியும் சந்தேகமா? செல்லின் புரதத்தை அளக்கும் எஸ்.ஆர்.பி. சோதனையில் சரிபாருங்கள், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

டி.எம்.எஸ்.ஓ. அளவு

சாற்றைக் கரைக்கும் இந்தத் திரவம் குழியில் 0.1 சதவீதம் போதும். சாறு சேர்க்காத கன்ட்ரோல் குழிக்கும் அதே அளவு.

புற்றுநோய் செல்லை மட்டும் சோதிப்பது

எருக்கம்பாலும் செல்லைக் கொல்லும். சாதாரண செல்லையும் பக்கத்தில் வைக்காவிட்டால் கண்டுபிடித்தது மருந்தா விஷமா என்று தெரியாது.

'கசாயமாகக் குடிக்கலாமா?' என்பவருக்குத் தலையாட்டுவது

சிகிச்சைக்காக வேலூர் வந்து தங்கியிருப்பவர்கள் கேட்பார்கள். நித்யகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது உண்மை; அது பிரித்தெடுத்துச் சுத்திகரித்து, அளந்து, ரத்தநாளத்தில் (சிரையில்) மட்டும் ஏற்றும் மருந்து. கீமோ மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைச் சில மூலிகைகள் தடுக்கும், சில தூண்டும். ரத்தத்தில் மருந்தளவு ஏறலாம், இறங்கலாம். கேட்பவரை அவருடைய டாக்டரிடமே அனுப்புங்கள்.