மோட்டரைக் கழற்ற முதல்: பழைய கார் வைப்பரில் விடும் பிழைகள்

ஐப்பசி பிறந்து முதல் மழை கொட்டிய பிறகுதான், யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு வைப்பர் ஞாபகம் வரும். அதற்கு முன் எட்டு ஒன்பது மாதம் அது சும்மா கிடந்திருக்கும். வெயிலில் ரப்பர் வெடித்து, உள்ளே கிறீஸ் இறுகி, கண்ணாடியில் செம்மண் புழுதி படிந்திருக்கும். சுவிச்சைப் போட்டால் வைப்பர் அரைவாசி ஏறி நிற்கும். உடனே ஒரு முடிவு: "மோட்டர் போச்சு."

நானும் அப்படித்தான் முடிவெடுத்தேன். ஒரு கார்த்திகை மாலை, பண்ணைப் பாலத்தில், இரண்டு பக்கமும் கடல், எதிரே மழை, என் மொறிஸ் மைனரின் வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டது. அடுத்த கிழமையே கொழும்பிலிருந்து வேறொரு மோட்டர் எடுப்பித்துப் போட்டேன். இரண்டு கிழமை ஓடியது. பிறகு அதுவும் முனகி நின்றது. கடைசியில், ஹயர் கார்களோடு காலம் கழித்த ஒரு வயதான மெக்கானிக் வந்து பார்த்தார். "தம்பி, மோட்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது இழுக்கிற பாரத்தைப் பாரும்" என்றார்.

அந்தப் பாரம் எங்கே இருக்கிறது? மைனர் போன்ற அந்தக் காலத்து பிரித்தானியக் கார்கள் பலவற்றில் லூக்காஸ் கம்பனியின் வைப்பர்தான். மோட்டரின் சுழற்சி, முன்னும் பின்னும் போய்வரும் அசைவாக மாறி ஒரு கேபிளைத் தள்ளி இழுக்கும். புரி போலக் கம்பி சுற்றிய அந்தக் கேபிள் மெல்லிய இரும்புக் குழாய்க்குள் ஓடி, கண்ணாடிக்குக் கீழே உள்ள இரண்டு சிறிய பெட்டிகளின் பல்லுச் சக்கரங்களைத் திருப்பும். வைப்பர் கைகள் ஏறியிருப்பது அந்தச் சக்கரங்களின் தண்டில்தான். ஐம்பது அறுபது வருடக் கிறீஸ் குழாய்க்குள் மெழுகாக இறுகினால், புது மோட்டர் போட்டாலும் திணறத்தான் செய்யும்.

ஆகவே மோட்டரை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வைப்பர் கைகளைக் கழற்றுங்கள். மோட்டர்ப் பெட்டியின் மூடியைத் திறந்து கேபிளை விடுவித்து, மோட்டரைத் தனியே ஓடவிடுங்கள். சீராக ஓடினால் அது நல்ல மோட்டர். பிறகு கேபிளின் நுனியில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கொளுவி இழுத்துப் பாருங்கள். 6 இறாத்தலுக்குள், அதாவது ஏறக்குறைய 2.7 கிலோவுக்குள் கேபிள் அசைய வேண்டும் என்பது லூக்காஸின் கணக்கு. மீன் நிறுக்கும் கொக்கித் தராசை இரவல் வாங்கி நான் இழுத்தபோது, முள் 5 கிலோவைத் தாண்டியும் கேபிள் அசையவில்லை. என் பழைய மோட்டரை வீணாகப் பழி சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

இந்த இடத்தில்தான் அடுத்த பிழை நடக்கும். தெளிக்கும் எண்ணெயை எடுத்துக் குழாய் வாய்க்குள் அடிப்பார்கள். இரண்டு நாள் சுகமாக ஓடும். மெல்லிய எண்ணெய் வடிந்ததும் பழைய மெழுகு திரும்பவும் இறுகும். கேபிளை முழுதாக வெளியே இழுத்தெடுத்து மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது இந்தக் கார்களையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் எங்களுடையது. அதன் அருமையை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் மோட்டரின் சுருள் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. குழாய்க்குள் நூல் கட்டிய துணியை இழுத்துத் துடைத்து, காய்ந்த பிறகு புதுக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். பெட்டிகளைக் கழற்றினால் சக்கரத்தின் பற்களையும் பாருங்கள். வைப்பர் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை என்பதால் ஒரு பக்கப் பற்கள்தான் தேயும். சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டினால் தேயாத பற்கள் வேலைக்கு வரும். புதுப் பெட்டி வாங்கும் காசு மிச்சம்.

நின்ற வைப்பரைக் கையால் பிடித்துத் தள்ளாதீர்கள். மோட்டரின் பல்லு அமைப்பு அந்தப் பக்கமிருந்து திரும்பாது. உடைவது பல்லாகவோ தண்டாகவோதான் இருக்கும்.

மின்சாரப் பக்கத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ஏர்த்தை, அதாவது கரண்ட் காரின் இரும்பு உடம்பு வழியே பற்றரிக்குத் திரும்பும் இணைப்பைத்தான். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அப்பாவின் காரை ஆசையாகப் புதுப்பிப்பார்கள். பளபளவென்று பெயின்ற் அடித்து, அதன் மேலேயே ஏர்த் வயரைத் திருகிவிடுவார்கள். பெயின்றுக்கு மேல் கரண்ட் எப்படிப் போகும்? அந்த இடத்தை இரும்பு தெரியச் சுரண்டி, வயரை இறுக்கிய பிறகு, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசினால் உப்புக்காற்றும் பிடிக்காது.

வைப்பர் அடியோடு செத்திருந்தால் பிரேக் லைற்றையும் பாருங்கள். என் மைனரில் இரண்டும் ஒரே பியூஸில்தான். அந்தப் பியூஸில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து விடுங்கள், வயர் எரிந்தால் கார் எரியும். இன்னொன்று: பழைய லூக்காஸ் பியூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ அதில் பாதி. 35 என்ற இலக்கத்தை மட்டும் பார்த்து இந்தக் கால 35 அம்பியர் பியூஸைப் போட்டால் பாதுகாப்பே இல்லை.

பொசிற்றிவ் ஏர்த் காருக்கு, அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனையைக் காரின் உடம்போடு பூட்டும் காருக்கு, பற்றரியின் முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டு, "வைப்பர் சரியாக ஓடுதே, அப்ப சரிதான்" என்று நம்புவதும் உண்டு. காந்தத்துக்குப் பதில் சுருள் வைத்த பழைய மோட்டர், பற்றரியை எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். ஆகவே அது சாட்சி இல்லை. ஆனால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்கு அப்படி மாற்றிக் கொடுப்பது சரிவராது. அதேபோல, சந்தியில் நிற்கும்போது வைப்பர் மெதுவாவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் தருவதில்லை. லைற்றும் வைப்பரும் பற்றரியைத்தான் தின்னும். வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால் அது நோயில்லை.

கடைசியாக, எல்லாம் பூட்டியதும் காய்ந்த கண்ணாடியில் ஓடவிட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். செம்மண் துகள் கண்ணாடியைக் கீறும், மோட்டருக்கும் வீண் சுமை. வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நான் புரட்டாதிக் கடைசியில் ஒரு காலை, கிணற்றடியில் காரை நிறுத்தி, ஒருவர் தண்ணீர் ஊற்ற, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பேன். வீச்சு எங்கே தடுக்கிறது, ரப்பர் எங்கே கோடு விடுகிறது, பெட்டியடியால் டாஷ்போட்டுக்குள் தண்ணீர் சொட்டுகிறதா என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.