ஒரே படம், வேறு வேறு அட்டை: ஓல்ட் ஜட்ஜ் பேஸ்பால் அட்டைகளைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

1886 முதல் 1890 வரை நியூயார்க்கின் குட்வின் கம்பெனி, தன் ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரெட் பாக்கெட்டுகளில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் புகைப்பட அட்டைகளைப் போட்டுக் கொடுத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் பல படங்கள். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். வரிசையாகப் போனால் பிடிபட்டுவிடும்.

பழகுவதற்கு அட்டை வாங்க வேண்டாம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத் தளத்தில் பெஞ்சமின் எட்வர்ட்ஸ் என்பவரின் பேஸ்பால் அட்டைச் சேகரிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஓர் ஆட்டக்காரரின் அட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். கை எங்கே, மட்டை எந்தப் பக்கம், பின்னணித் திரையில் என்ன? பெரும்பாலானவை ஸ்டூடியோவில் எடுத்தவை. பந்து அந்தரத்தில் நின்றால் அதன் மேலே பாருங்கள், கட்டித் தொங்கவிட்ட நூல் தெரியும். எனக்கு இந்த அட்டைகள்மேல் பிரியம் வந்ததே அந்த நூலால்தான்.

படி 2: இப்போது எழுத்துக்கு வாருங்கள். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஆட்டக்காரர் அணி மாறினால் புதுப் படம் எடுத்தே தீர வேண்டும் என்றில்லை. பழைய படத்தையே வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிடலாம். அதனால் சட்டையில் ஓர் ஊரும் கீழே வேறு ஊரும் இருந்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள். கிங் கெல்லியை 1887-இல் சிகாகோ அணி 10,000 டாலருக்கு பாஸ்டனுக்கு விற்றது. அந்தத் தொகையே அவருடைய அட்டையில் பெயரோடு ஏறியது. பெயரின் எழுத்துக்கூட்டலையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

படி 3: பதிப்புரிமை (காப்பிரைட்) அச்சிட்ட வரியில் உள்ள ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அது படத்துக்குரிய ஆண்டு. அட்டை அதற்குப் பின்னும் வெளிவந்திருக்கலாம்.

படி 4: பிராண்டு பெயர். அதே கம்பெனியின் ‘ஜிப்ஸி குவீன்’ பெயரிலும் அட்டைகள் உண்டு; அவை இன்னும் அரிது.

படி 5: அசல் என்று சொல்லி ஓர் அட்டை கைக்கு வந்தால் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். இவை முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் எடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டிய நிஜப் புகைப்படங்கள். நிழல் புள்ளியில்லாமல் இழையும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சு. இன்னொரு சிகரெட் கம்பெனியான ஆலன் அண்ட் ஜின்டரின் 1887 வண்ண அட்டைகளில் புள்ளி இருப்பது சரிதான். அவை புகைப்படம் அல்ல, கல்லச்சு (லித்தோகிராஃப்); புள்ளிகளும் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும்.

பார்த்ததை நோட்டில் படம், பெயர், ஊர், ஆண்டு, பிராண்டு என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு கட்டம் மாறினாலும் தனி வரி. நிறம் வெளிறியதற்கும் ஓரம் வெட்டுப்பட்டதற்கும் தனி வரி வேண்டாம்; அவை அச்சில் வந்த வேறுபாடுகள் அல்ல.